கோட்டையில் ரொக்ஸ்பரோ நேரம்

திங்கட்கிழமை காலை ஹென்றிக்குப் பதில் சொல்லியாகவேண்டும். ஓம் என்றால் ஏப்ரலில், கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹலிஃபாக்ஸ் கிளைக்குப் போவேன். இல்லையென்றால் புவாண்ட்-கிளேரில், களஞ்சியத்தின் பின்பக்கத்து அலுவலகத்தில், லொறிகள் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் கணினியில் தட்டிக்கொண்டு இருப்பேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. "ஹலிஃபாக்ஸில் உன் மேசையிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும்" என்று டிசம்பரில் சொன்னார் ஹென்றி. அவர் என் மேலாளர். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒரு நாளாவது யோசித்திருப்பேன். கப்பல் என்றதும் மனதுக்குள் ஓம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. எனக்கு இருபத்தேழு வயதாகிறது. மொன்ட்ரியால் புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டை விட்டுத் தனியாக ஒரு வாரம் எங்கும் இருந்ததில்லை. அம்மாவிடம் சமையலறையில் வைத்து எதைச் சொன்னாலும் அது வெங்காயத்தோடு சேர்ந்து வதங்கிப் போகும். அப்பாவிடம் தனியாகச் சொன்னால் "அம்மாவிட்டச் சொன்னியோ?" என்பார். அதனால் இந்த விடுமுறைக்குப் போகிற தீவின் கோட்டையில் வைத்துச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். மலை உச்சி, காற்று, கீழே கடல். கோபித்துக்கொண்டு போய் அடைத்துக்கொள்ள அங்கே அறைக்கதவு எதுவும் இருக்காது.

கரீபியன் கடலில், மொன்ட்ரியாலிலிருந்து நேரே விமானம் போகிற பிரெஞ்சுத் தீவு அது. அதன் மலைக்கோட்டையைப் பார்க்கவேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வரவழைத்துப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எங்காவது ஒரு கோட்டை வந்துவிடும். அதன் மதிலில் யாராவது ஒருவன் நின்று, வராத கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மதிலில் நானும் ஒரு தரம் நிற்கவேண்டும். ஒவ்வொரு வருடமும் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"யாழ்ப்பாணத்திலயும் கோட்டை இருந்தது. இருவத்தொரு வருஷம் அங்க இருந்தனான். ஒருநாள் உள்ளுக்க போனனோ?"

இந்த ஜனவரியில் கேட்டபோது, தேங்காய் துருவிய கையை நிறுத்தாமலே, "ஓம், போவம்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் கேட்ட ஒன்று எனக்காகக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டைக்கு வெள்ளிக்கிழமை போவம் என்று அம்மாதான் நாளைச் சொன்னார். செவ்வாய் ஏன் கூடாது, புதன் ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை. நான் சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று விடியும்போதே எழுந்துவிட்டேன். ஹோட்டல் பல்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். அப்பா சவரம் செய்து, மடிப்புக் குலையாத சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மலை ஏறத்தானே போறம், அப்பா?"

"ஓம். அதுக்கென்ன? மலையில நாலு பேர் வருவினம்தானே" என்றார் அப்பா.

அம்மா சும்மா இருக்கச் சொல்லி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் அரைக்காற்சட்டையையும் பெரிய வைக்கோல் தொப்பியையும் பார்த்தார்.

"உதைப் போட்டுக்கொண்டோ வாறாய்? அந்த மஞ்சள் குர்தாவைப் போடன், பிள்ளை. பொட்டும் வை."

"வேர்க்கும், அம்மா."

"வேர்த்தா என்ன? வடிவா வேர்க்கும்."

நான் மாற்றவில்லை. முகத்தில் வெயில் தடுப்புப் பசை பூசி, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். அம்மா வாய்க்குள் ஏதோ சொன்னார்.

மலையடிவாரத்தில் ரக்ஸி எங்களை இறக்கிவிட்டது. இளநீர் விற்கிற ஒரு கடையும் அதற்கு முன்னால் நிழலில் இரண்டு பெஞ்சும் இருந்தன. கல் பாவிய பாதை அங்கிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறியது. நான் முதல் வளைவுக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அம்மா!"

"இப்ப ஏறக்கூடாது. ராகுகாலம் நடக்குது. பன்ரெண்டு தாண்டட்டும்."

என் ஃபோனில் பன்னிரண்டு ஆகிவிட்டிருந்தது. அம்மாவின் கடிகாரத்தில் பதினொன்று. குளிர்காலத்தில் இந்தத் தீவு மொன்ட்ரியாலை விட ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. வந்து இறங்கிய அன்றே சொன்னேன். அம்மா கடிகாரத்தை மாற்றவில்லை. பிரஷர் குளிசையை ரொக்ஸ்பரோ நேரத்துக்குத்தான் போட்டார், நாடகத்தையும் ரொக்ஸ்பரோ நேரத்துக்குத்தான் பார்த்தார்.

"அம்மா, இஞ்ச பன்ரெண்டு ஆகீட்டுது."

"கலண்டர் மொன்ட்ரியால் கோயில்ல தந்தது. மணிக்கூடும் மொன்ட்ரியால். ரெண்டும் ஒத்துத்தானே ஓடவேணும்?"

அப்பா இளநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "நீ ஏறு, பிள்ளை. நாங்கள் ஆறுதலா வாறம்."

"தனிய விடாதேங்கோ" என்ற அம்மா உடனே மனதை மாற்றிக்கொண்டார். "சரி, போ. மேல வெயிலுக்க நிண்டு கறுத்துப் போகாதை. இண்டைக்கு மட்டும்."

இண்டைக்கு மட்டும் ஏன் என்று கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கிட்டத்தட்ட ஓடினேன்.

கோட்டை வாசலில் நுழைவுச் சீட்டுக் கொடுத்த பெண்ணின் சட்டையில் அக்னெஸ் என்று எழுதியிருந்தது. நான் பிரெஞ்சில் 'போன்ஜூர், ஒன்று' என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"மொன்ட்ரியாலா? உன் பேச்சிலேயே பனி கொட்டுகிறதே. முகத்தைப் பார்த்து எங்கள் பிள்ளை என்று நினைத்தேன். கரும்புத் தோட்டப் பக்கம் உன்னைப் போலத்தான் இருப்பார்கள். அவர்களுடைய பாட்டன்மாரும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்."

நான் இந்தியாவும் இல்லை என்று விளக்கினால் நேரம் போகும். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். வேறு ஆட்கள் வராததால் அக்னெஸும் கூடவே வந்தாள். மதில் நெடுகிலும் பீரங்கிகள், துருப்பிடித்து, எல்லாம் கடலைப் பார்த்தபடி. இந்தக் கற்களை அடிமைகள்தான் தோளில் தூக்கி ஏற்றினார்கள் என்று அவள் சொன்னாள். ஏற்றும்போது விழுந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை என்றும் சொன்னாள். நான் ஒரு கல்லின் மேல் கையை வைத்தேன். சுட்டது. உடனே எடுத்துவிட்டேன். எடுத்தது வெட்கமாகவும் இருந்தது.

"கடலிலிருந்து யாராலும் இதைப் பிடிக்க முடியவில்லை" என்றாள் அக்னெஸ். "ஆங்கிலேயன் பின்பக்கம் வந்தான். ஆடு மேய்க்கிற பாதையில்."

"அந்தப் பக்கம் பீரங்கி இல்லையா?"

"வீட்டுப் பக்கம் பார்த்து யார் பீரங்கி வைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

கடல் நான் நினைத்ததைப் போல் இல்லை. மிக நீலமாக, மிக வெறுமையாக இருந்தது. ஒரு கப்பல்கூட இல்லை. ஒரு பீரங்கியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நடந்துகொண்டேயிருந்தேன். 'அம்மா, எனக்கு ஹலிஃபாக்ஸில ஒரு வேலை.' இல்லை. 'அம்மா, கோவிக்காமல் கேளுங்கோ.' அதுவும் இல்லை. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"உவையள் வராயினம் போல கிடக்கு."

தமிழ். அதுவும் எங்கள் தமிழ். கல் வளைவின் நிழலில் மூன்று பேர். சேலைக்குக் கீழே வெள்ளை ஓட்டச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண்மணி, கைப்பையைத் திறந்து ஹோட்டல் காலைச் சாப்பாட்டிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழங்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர். கொஞ்சம் தள்ளி என் வயதோ சற்றுக் கூடவோ இருக்கும் ஒரு ஆண், கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வேறு எங்கோ இருக்க விரும்புகிறவனைப்போல நின்றான்.

என்னைக் கண்டதும் அந்தப் பெண்மணி ஃபோனை நீட்டினார்.

"மத்மசெல்! ஃபோட்டோ, சில்வூப்ளே?" என்று பிரெஞ்சில் கேட்டவர், கணவரின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இஞ்சத்தைய பிள்ளை. பாருங்கோவன், எங்கட ஆக்கள் மாதிரியே இருக்கு. பாவம், பாஷை போச்சு."

எனக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வசனம் என் வாயை மூடியது.

"இது பாருங்கோ, நேரத்துக்கு வந்து நிக்குது. அந்த விமலநாதன்ர பெட்டையை இன்னும் காணேல்லை."

விமலநாதன் என் அப்பா.

ஃபோனை வாங்கிக்கொண்டேன். அவர்கள் மூவரும் பீரங்கியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் பின்னால் போய், முன்னால் வந்து, சரியான இடம் தேடுவதுபோல நேரத்தை இழுத்தேன்.

"தவம், இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்றார் கணவர். "ரொக்ஸ்பரோ ஆக்கள் எப்பவும் பிந்தித்தான். தேர் சுத்தி இருப்புக்கு வந்தாப் பிறகுதான் உவையள் வந்து கயித்தைப் பிடிக்கிறவை."

அது அப்படியே உண்மை. போன வருடத் திருவிழாவில் அப்பா அதைத்தான் செய்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபோனால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நடுவில் நின்ற மகன் மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தான்.

"பன்ரெண்டு எண்டு யோகராணிதான் சொன்னவ" என்றார் தவம் என்கிற தவமலர். யோகராணி என் அம்மா. "என்ர வாயால ஒண்டும் சொல்லக்கூடாது, ரெண்டு பகுதியும் தற்செயலாச் சந்திச்ச மாதிரி இருக்கவேணுமாம். மொன்ட்ரியால் கோயில்ல வச்சுப் பொம்பிளை பாத்தா, சரிவராட்டி நாளைக்கே முழு ஊருக்கும் தெரிஞ்சிடும் எண்டு சொல்லித்தானே இவ்வளவு தூரம் வந்தது. சிரியுங்கோ, அந்தப் பிள்ளை எடுக்குது."

"அந்தப் பெட்டைக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் கணவர்.

"தெரியாதாம். ஹலிஃபாக்ஸில வேலை எடுத்திட்டு தாய்க்கும் சொல்லாமல் இருக்கிறாளாம். யோகராணி ஃபோனில அழுதவ. மறிச்சா நிக்கமாட்டாள், தனிய விடவும் ஏலாது, உங்கட மகன் தம்பி அங்கதானே இருக்கிறார் எண்டு. நான் என்ன சொல்லுறது? தாய்தானே."

நான் பொத்தானை அழுத்தினேன். படத்தில் மூவருடைய தலையும் இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

"மெர்சி, மெர்சி" என்று தவமலர் ஃபோனை வாங்கிக்கொண்டு, என் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். "சாப்பிடு, மோனை. விளங்காட்டிப் பரவாயில்லை. சாப்பிடு."

"மெர்சி" என்றேன்.

கடலைப் பார்க்கிற மதிலில் நிற்க முடியவில்லை. மறுபக்கத்துக்குப் போனேன். அங்கே பீரங்கி ஒன்றும் இல்லை. பற்றைக்காடு, அதன் நடுவே ஒரு சிவப்பு மண் பாதை, மலையடிவாரத்தில் இளநீர்க் கடையின் தகரக் கூரை. அந்தக் கூரையின் கீழே அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மலை என்னுடையது என்று நினைத்திருந்தேன். இல்லை. சரி, ஹலிஃபாக்ஸாவது இருக்கிறது, அங்கே ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அங்கேயும் அம்மா எனக்கு முன்னால் போய் ஒரு ஆளை நிறுத்திவைத்துவிட்டார். வாழைப்பழத்தை உரித்தேன். உரித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தேர்க் கதைக்கு நீங்கள் சிரிச்சனீங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மகன். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"நீங்கள்தான் சாருஜா."

"நீங்கள்தான் தம்பி."

"நிதுசன்" என்றான், கொஞ்சம் வெட்கப்பட்டு. "அம்மா வச்சிருக்கிற படத்தில உங்கட தலையில ஒரு கூடை பூ. அதால பிடிபடேல்லை. எனக்கும் இந்த விஷயம் இண்டைக்குக் காலமைதான் தெரியும். ரக்ஸிக்குள்ள வச்சுச் சொன்னவை. ஓடுற ரக்ஸியால எப்பிடிக் குதிக்கிறது?"

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. ஹலிஃபாக்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை என்று சொன்னான். அந்த ஊர் எப்படி என்று கேட்டேன்.

"காத்து. குடை வாங்கிறது வீண் செலவு. நல்ல தேங்காய் கிடையாது. நடுவில ஒரு மலை, அதிலயும் ஒரு கோட்டை இருக்கு, தெரியுமோ? ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்ரெண்டுக்கு பீரங்கி சுடுவினம். முதல் நாள் நான் மேசைக்குக் கீழ போயிட்டன்."

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நான் ஒண்டு சொல்லட்டோ? என்னை வேண்டாம் எண்டு சொன்னீங்கள் எண்டால் உங்களை அங்க விடமாட்டினம். அதனால 'கதைச்சுப் பாக்கிறம்' எண்டு சொல்லுவம். ஆறு மாசம் கதைப்பம். பேந்து ஒத்துவரேல்லை எண்டு சொல்லலாம். அதுக்குள்ள நீங்கள் அங்க போய் இருந்திடுவீங்கள். எனக்கும் அதுவரைக்கும் வேற சம்பந்தம் பேசமாட்டினம். நிம்மதி."

நல்ல யோசனைதான். மிக நல்ல யோசனை. அதனால்தான் பயமாக இருந்தது. அப்படிப் போனால் என் முதல் வாடகை வீட்டில், என் ஜன்னலில், நான் பார்க்கும் முதல் கப்பலில், எல்லாவற்றிலும் இந்த 'கதைச்சுப் பாக்கிறம்' உட்கார்ந்திருக்கும். அம்மா ஒவ்வொரு இரவும் "தம்பி வந்தவரோ?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு இரவும் ஒரு பொய் சொல்வேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் உதவிதான் செய்கிறான். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

பதில் சொல்லுமுன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டார். பவுடர் புதிதாகப் போடப்பட்டிருந்தது. பின்னால் அப்பா, சட்டை முழுவதும் வியர்வை. ரொக்ஸ்பரோவில் பன்னிரண்டு தாண்டிவிட்டது.

அம்மா எங்களைக் கவனிக்கவில்லை. நேரே கல் வளைவைப் பார்த்து, பல நாள் பாடமாக்கிய ஆச்சரியத்துடன் கையை உயர்த்தினார்.

"அட! தவமலர்! நீங்களும் இஞ்சயோ!"

தவமலருக்கும் ஒரு வசனம் இருந்திருக்கும். ஒரு மணித்தியால வெயிலில் அது காய்ந்துவிட்டது.

"என்ன 'நீங்களும் இஞ்சயோ'? பன்ரெண்டு மணியில இருந்து நிக்கிறம்! கொண்டுவந்த வாழைப்பழமும் முடிஞ்சுது!"

"இப்பத்தானே பன்ரெண்டு?" அம்மா மணிக்கட்டை நீட்டினார்.

"உது மொன்ட்ரியால் நேரமெல்லோ! என்ர ஃபோன் தானா மாறீட்டுது."

"அப்ப..." அம்மாவின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. "அப்ப நீங்கள் மலை ஏறினது பதினொரு மணிக்கு. சரியா ராகுகாலத்துக்க."

"எந்த ராகுகாலம்? இஞ்ச சூரியன் எங்க நிண்டதோ அந்த ராகுதானே!"

"கலண்டர் மொன்ட்ரியால் கலண்டர், தவமலர்!"

"ராகு என்ன, எங்களோட பிளேனில ரிக்கெட் எடுத்துக்கொண்டோ வந்தவர்?" என்றார் அருமைராசா, தவமலரின் கணவர். அப்பா சிரித்தார். இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்க, இரண்டு தகப்பன்மாரும் கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் தவமலர் என்னைக் கண்டார். தொப்பி கையில் இருந்தது. கண்ணாடியும் இல்லை. அவர் கண்கள் என் கையிலிருந்த வாழைப்பழத்தில் வந்து நின்றன.

"ஐயோ" என்றார். "மத்மசெல்."

அம்மா என் முழங்கையைப் பிடித்து, பீரங்கி இல்லாத அந்த மதிலின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கதைச்சனீங்களோ ரெண்டு பேரும்? பெடியன் எப்பிடி? பிடிச்சிருக்கோ?"

இரண்டே சொற்களில் எல்லாம் சுலபமாகிவிடும். நிதுசன் தூரத்தில் நின்று என்னைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"நல்ல ஆள்தான், அம்மா. ஆனால் நான் ஹலிஃபாக்ஸ் போறன். அவர் அங்க இருந்தாலும் போறன், இல்லாட்டிலும் போறன். ரெண்டையும் ஒண்டாக் கட்டாதேங்கோ. திங்கக்கிழமை ஓம் எண்டு சொல்லப்போறன். இஞ்ச வச்சு உங்களுக்குச் சொல்லத்தான் நினைச்சனான். எனக்கு முதல் நீங்கள் வந்திட்டீங்கள்."

அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"சமையலறையில கிடக்கிற ஐபேட்டில நான் காலமை எழும்பி ரொக்ஸ்பரோவுக்குக் குளிர் எவ்வளவு எண்டு பாக்கிறனான். டிசம்பரில இருந்து திறக்கிற நேரமெல்லாம் ஹலிஃபாக்ஸ் குளிரைத்தான் காட்டுது. ஒருவரும் இல்லாத ஊரின்ர குளிரை ஒரு பிள்ளை ஏன் ஒவ்வொரு நாளும் பாக்குது? உன்னோட வேலை செய்யிற அஜந்தாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டன்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். ஒவ்வொரு நாளும் பாத்தன்."

கீழே பற்றைக்குள் ஏதோ ஆடு கத்தியது.

"போகாதை எண்டு நான் சொன்னனானோ?" என்றார் அம்மா. "நான் டோர்வல் எயர்போர்ட்டில வந்து இறங்கேக்க எனக்கு இருவத்தொரு வயசு. மாசி மாசம். காலில செருப்பு. ஆர் வருவினம் எண்டு தெரியாமல், போற வாற ஆக்களின்ர முகத்தை எல்லாம் பாத்துக்கொண்டு கதிரையில இருந்தன். எனக்கு அந்தக் கதிரை இப்பவும் கனவில வரும். நீ போய் இறங்கேக்க தெரிஞ்ச முகம் ஒண்டு அங்க நிக்கவேணும். அவ்வளவுதான் நான் நினைச்சது."

"அதுக்குக் கலியாணமோ, அம்மா?"

"எனக்கு வேற எப்பிடி ஒரு ஆளை நிப்பாட்டத் தெரியும்?"

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்த பழத்தைப் பார்த்து, "உது கறுக்கப் போகுது, சாப்பிடு" என்றார். அரைவாசியை நான் சாப்பிட்டேன். மிச்சத்தை அவர் சாப்பிட்டார்.

எல்லோரும் ஒன்றாகத்தான் இறங்கினோம். சேலையோடு இறங்கக்கூடிய வேறு பாதை இல்லை. தவமலர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஃபோனைத் திறந்து பார்த்துவிட்டு, "படம் நல்லா எடுத்திருக்கிறாய், மோனை. இவரின்ர வண்டித் தொப்பை தெரியேல்லை" என்றார். அது மன்னிப்பா, விடைகொடுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நிதுசன் என்னிடம், "அப்ப எனக்கு வேற சம்பந்தம் பேசப்போயினம்" என்று முணுமுணுத்தான். உண்மையாகவே கவலைப்பட்டான் போலிருந்தது.

இளநீர்க் கடைக்கு வந்ததும் அம்மா நின்றார்.

"தம்பி, ஹலிஃபாக்ஸில இப்ப நேரம் என்ன?"

"இதே நேரம்தான், அன்ரி. இந்தத் தீவும் ஹலிஃபாக்ஸும் இப்ப ஒண்டு."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்துக் குமிழை நகத்தால் இழுத்து, முள்ளைச் சுற்றினார். சுற்றி முடித்துக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று.

ஞாயிறு இரவு டோர்வலில் இறங்கியபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்காக நிற்கையில் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் முந்தியே ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, மணிக்கூட்டை மாத்தேல்லையோ?"

"கிடக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை ஹென்றியிடம் ஓம் சொன்னேன்.

ஹலிஃபாக்ஸ் மேசையிலிருந்து கப்பல் தெரியவில்லை. கார் தரிப்பிடமும் ஒரு மதிலும்தான் தெரிகின்றன. எழுந்து, ஜன்னலோரம் போய், கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். ஒரு நாளில் பல தடவை எழுந்து போகிறேன். பக்கத்து மேசைக்காரி என் நாற்காலியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, புதிய நாற்காலி கேட்டு எழுதிப்போட்டிருக்கிறாள். நிதுசனுக்கு இன்னும் ஃபோன் எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்றும் இல்லை.

இங்கே வந்த முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம், வெளியே போகக் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ஃபோன் எடுத்தார். என்ன சாப்பிட்டாய், ஹீற்றர் வேலை செய்கிறதா, ஜன்னலை இரவில் பூட்டுகிறாயா. நான் கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது பீரங்கி வெடித்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. நிதுசன் சொல்லியிருந்தும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பிள்ளை சத்தம்?"

"கோட்டையில சுடுறவை, அம்மா. ஒவ்வொரு நாளும் சுடுவினம்."

மறுமுனையில் அம்மாவின் வளையல்கள் குலுங்கின. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ரொக்ஸ்பரோ சமையலறைச் சுவரில் அப்போது பதினொரு மணி.

"பன்ரெண்டு" என்றார் அம்மா. "சரியா இருக்கு. ராகுகாலம் முடிஞ்சுது, நீ இனி வெளிக்கிடு."